புதுக் கடைக்குச் சாப்பிடப் போக எட்டுப் பேர் எதற்கு?

நாலாம்நாற்காலி:
போன வாரம் நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு சின்னக் கடைக்குப் போனோம். யாரும் அதுவரை போகாத கடை. விலை குறைவு, நடந்தே போய்விடலாம், அதனால்தான் போனோம். உள்ளே மொத்தமே ஆறு மேசை. எங்களுக்காக மூன்றை ஒட்டிப் போட்டார்கள். அந்த முனையில் உட்கார்ந்தவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்பது இந்த முனையில் இருந்த எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. முதல் தட்டு வந்து இருபது நிமிடம் கழித்து எட்டாவது தட்டு வந்தது. அது என்னுடையது. அதற்குள் மற்ற ஏழு பேரும் கையைத் துடைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவசர அவசரமாக விழுங்கினேன். அந்தக் கடை ருசி எப்படி என்று இன்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

புதுக் கடையைப் போய்ப் பார்ப்பதென்றால் நாலு பேர் போதும் என்பது என் கருத்து. இது என் மனத்தாங்கல் மட்டும் இல்லை. உளவியல் ஆய்வாளர் ராபின் டன்பாரும் அவருடன் இருந்தவர்களும், மனிதர்கள் தாமாகக் கூடிப் பேசும் இடங்களைக் கவனித்து 1995-இல் எழுதிய கட்டுரையில், ஒரே பேச்சில் நாலு பேருக்கு மேல் நிலைப்பது அபூர்வம் என்று சொல்கிறார்கள். ஐந்தாவது ஆள் வந்ததும் பேச்சு இரண்டாகப் பிரியத் தொடங்கிவிடும். எட்டுப் பேர் ஒரே மேசையில் உட்கார்ந்தாலும் அங்கே இருப்பது இரண்டு கூட்டம்தான்.

கூட்டாளி:
நாலு பேர் என்று முடிவு செய்துவிட்டால் மற்ற நாலு பேரை யார் கழிப்பது? நீங்களா?

கோபமாகக் கேட்கவில்லை நண்பரே. ஒரு காலத்தில் அப்படிக் கழிக்கப்பட்டவன் நான். எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். வாராவாரம் புதிதாக ஒரு கடையைக் கண்டுபிடித்துப் போவோம். திடீரென்று இரண்டு மாதம் எனக்கு அழைப்பே வரவில்லை. பிறகு ஒருத்தன் போனில் படம் காட்டும்போது பார்த்தேன், நான் இல்லாமல் நாலு கடை போயிருக்கிறார்கள். கேட்டதற்கு, "இடம் சின்னதுடா, அதான் நாலு பேரோட நிறுத்திட்டோம்" என்றான். எனக்கு அப்போது வேலை இல்லை. உண்மையான காரணம் அதுதான் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் முதலில் வெளியே நிற்பது கையில் காசு குறைந்தவன்தான்.

இன்னொன்று, எட்டுப் பேர் போனால் ஒரே வேளையில் எட்டு வகையைச் சுவைத்துப் பார்க்கலாம். நாலு பேர் என்றால் அதற்கு இரண்டு முறை போக வேண்டும். செலவு குறைவான கடைகளைத் தேடிப் போகிறவர்களுக்கு அது பெரிய வித்தியாசம்.

அடுப்படி:
நான் சின்னக் கடை அடுப்புல ஆறு வருஷம் நின்னவன். ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆனா ரெண்டு பேருமே சாப்பாட்டு மேசையில இருந்துதான் பேசுறீங்க. உள்ள இருந்து பார்த்தா எப்படின்னு சொல்றேன்.

எங்க கிட்ட இருந்தது மூணு அடுப்பு, ஒரு பொரிக்கிற சட்டி, ரெண்டு ஆளு. எட்டுப் பேர் எட்டு வகை சொன்னா அது எட்டு தனித்தனி வேலை. முதல்ல முடிஞ்ச தட்டை உடனே அனுப்பினா கடைசி ஆள் காத்திருக்கணும். எல்லாம் சேர்த்து அனுப்பலாம்னு வெச்சா முதல் தட்டு ஆறிப்போகும். ஒரு தடவை அப்படி வெச்சேன். ஓரத்துல இருந்த குழம்பு மேல ஆடை கட்டிப்போச்சு, கரண்டியால ஒதுக்கிட்டு அனுப்பினேன். இன்னைக்கும் மனசு உறுத்துது. நல்லா சமைச்சதை நானே கெடுத்துக் கொடுத்தேன்.

எட்டுப் பேர் வர்றது தப்பில்ல. எட்டு வகை கேக்குறதுதான் எங்களைக் கொல்லுது. மூணு வகையை முடிவு பண்ணி, ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு பங்கா சொல்லி, நடுவுல வெச்சுப் பகிர்ந்துக்கிட்டா ஒரே சட்டியில ஒரே தடவையா இறக்கிடுவேன். எல்லாம் சூடா ஒண்ணா வரும்.

நாலாம்நாற்காலி:
அண்ணே, இது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கடை மந்தம் என்று இணையக் குழுவில் எழுதியிருந்தேன். அதை எடுத்துவிட்டேன்.

மழைத்தூறல்:
எடுத்தது நல்லது. சின்னக் கடைக்கு அது விளையாட்டு இல்லை. ஹார்வர்டில் மைக்கேல் லூக்கா என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை வைத்து 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். வாடிக்கையாளர்கள் கடைகளுக்கு மதிப்பெண் போடும் யெல்ப் தளத்தில் ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது. ஆனால் இந்த ஏற்றம் தனிக் கடைகளுக்குத்தான், கிளைகள் வைத்திருக்கும் பெரிய உணவகங்களில் அந்தப் பாதிப்பு தெரியவில்லை. பெரிய கடையின் பெயர் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். சின்னக் கடைக்கு நாம் எழுதும் நாலு வரிதான் பெயர். எட்டுப் பேராகக் கூட்ட நேரத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, தாமதம் என்று ஒரு ஸ்டார் போடுவது அநியாயம்.

கைக்கணக்கு:
எத்தனை பேர் என்பதைவிட பில்லை எப்படிக் கட்டுகிறீர்கள் என்று யாரும் சொல்லவில்லையே. என் அனுபவத்தில் கூட்டம் உடைவது அங்கேதான்.

நீசி, ஹருவி, யாஃபே மூவரும் 2004-இல் வெளியிட்ட சோதனை இது. ஆறு ஆறு பேராக உணவகத்தில் உட்காரவைத்தார்கள். சில மேசைகளில் அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் காசு, சில மேசைகளில் பில்லைச் சமமாகப் பிரித்துக் கட்ட வேண்டும். சமமாகப் பிரித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாக ஆர்டர் செய்தார்கள். நான் கூடுதலாகச் சொல்வதில் ஆறில் ஒரு பங்குதானே என் கையிலிருந்து போகிறது என்ற எண்ணம். அத்தனைக்கும், முன்கூட்டிக் கேட்டபோது பெரும்பாலோர் தனித்தனியாகக் கட்டுவதையே விரும்பினார்கள். விரும்பாத முறையில் உட்கார்ந்து எல்லோரும் அதிகம் செலவழித்திருக்கிறார்கள். தனித்தனி பில் கேளுங்கள். நாலு பேரோ எட்டுப் பேரோ, பிரச்சினை தீர்ந்தது.

கூட்டாளி:
அந்தச் சோதனையில் உட்கார்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவன் தலையில் செலவைக் கட்டுவது வேறு, பக்கத்தில் இருக்கும் நண்பன் தலையில் கட்டுவது வேறு. தெரிந்தே யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

கைக்கணக்கு:
அறியாதவர்கள் என்பது சரிதான், விட்டுவிட்டேன். ஆனால் தெரிந்தே செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, கவனிக்காமல் செய்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் என்றால் "எனக்குத் தனி பில்" என்று சொல்லிவிடலாம். நண்பர்களிடம் வாய் வராது.

எங்கள் கூட்டத்தில் ஒரு தோழி. மெனு அட்டையைக் கையில் வாங்கினால் எல்லோருடைய கண்ணும் இடப்பக்கம், பதார்த்தத்தின் பெயரில் இருக்கும். அவள் விரல் மட்டும் வலப்பக்கம், விலை வரிசையில் மேலிருந்து கீழே போகும். ஓரிடத்தில் நிற்கும். அந்த வரிசையில் இருக்கும் ஏதோ ஒன்றைச் சொல்வாள். பசிக்கவில்லை என்பாள். பிறகு பில் வந்ததும் யாராவது "ஆறாப் போட்டுக்கலாமா?" என்று கேட்க, முதலில் தலையாட்டுவது அவள்தான். நான் இதைக் கவனிக்க ஒரு வருடம் ஆயிற்று. ஒரு வருடம் அவள் எங்கள் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறாள்.

கூட்டாளி:
இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நானும் அப்படித் தலையாட்டியவன்தான்.

ஆனாலும் தனித்தனி பில் இதற்கு மருந்து என்று எனக்குத் தோன்றவில்லை. தனி பில் வந்தால் அவள் விரல் இன்னும் கீழே போகும், அவ்வளவுதான். எங்கள் கூட்டத்தில் பிறகு ஒரு வழக்கம் வந்தது. போவதற்கு முன்பே தலைக்கு இவ்வளவு என்று தொகையைச் சொல்லிவிடுவோம். தொகையைச் சொல்வது கையில் குறைவாக இருப்பவன், மற்றவர்கள் அதற்கு மேல் பேசக் கூடாது. அந்தத் தொகைக்குள் எந்தக் கடை, என்னென்ன என்று எல்லோரும் சேர்ந்து தேடுவோம். யாரும் மெனுவின் வலப்பக்கம் பார்க்க வேண்டியதில்லை.

கைக்கணக்கு:
யாரிடம் குறைவாக இருக்கிறது என்று முதலில் எப்படித் தெரிந்தது? கூட்டத்தின் நடுவில் கேட்டீர்களா? அது அந்த விரலைவிட வேதனை.

கூட்டாளி:
கேட்கவில்லை. எல்லோரும் ஒருத்தனுக்குத் தனியாக ஒரு தொகையை எழுதி அனுப்புவோம். மிகக் குறைந்த எண்ணை மட்டும் அவன் குழுவில் போடுவான். யார் எழுதியது என்று சொல்ல மாட்டான்.

கைக்கணக்கு:
இது எனக்குப் பிடித்திருக்கிறது. மெய்யாகவே.

மழைத்தூறல்:
அதே மாதிரி என்ன சாப்பிடுவது என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். டான் ஏரியலி, ஜோனதன் லெவாவ் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மேசையில் ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஆர்டர் சொன்னபோது, முன்னால் சொன்னவர் கேட்டதை விட்டு வேறு எதையாவது கேட்டார்கள், தங்களுக்குப் பிடித்தது அதுதான் என்றாலும். ரகசியமாக எழுதிக் கொடுத்தவர்களைவிட அவர்களுக்குத் திருப்தி குறைவு. ஹாங்காங்கில் செய்து பார்த்தபோது தலைகீழாக, முன்னால் சொன்னவர் கேட்டதையே கேட்டார்கள். அங்கேயும் வேண்டியது கிடைக்கவில்லை.

எல்லோரும் தங்களுக்கு வேண்டியதை முதலில் போனில் எழுதட்டும். அதில் அதிகம் பேர் கேட்ட மூன்று வகையை அடுப்படி அண்ணன் சொன்ன மாதிரி பங்காகச் சொல்லலாம்.

நாலாம்நாற்காலி:
தொகை விஷயத்தில் கூட்டாளியோடு முழுக்க உடன்படுகிறேன். எண்ணிக்கை வைத்தால் யார் வெளியே நிற்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை, அதற்கு மன்னிப்பு. ஆனால் நாலு என்பதை விட மாட்டேன். எட்டுப் பேர் போங்கள், நாலு நாலாக இரண்டு மேசையில் உட்காருங்கள். மேசைகளை ஒட்ட வேண்டாம். பாதிச் சாப்பாட்டில் இரண்டு பேர் இடம் மாறிக்கொள்ளுங்கள். அப்போதுதான் பேச முடியும்.

கூட்டாளி:
மேசைகளை ஒட்டாமல் உட்கார்ந்தால் அது இரண்டு கூட்டம். நான் ஒட்டித்தான் உட்காருவேன். பேச்சு பிரிந்தாலும் பரவாயில்லை, அந்த முனையில் சிரிக்கிற சத்தமாவது காதில் விழும். இந்தச் சனிக்கிழமை எட்டுப் பேர் போகிறோம். தொகை முடிவாகிவிட்டது, வகை மூன்று.

அடுப்படி:
ஒட்டுறதோ பிரிக்கிறதோ உங்க இஷ்டம். போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கடைக்குப் போன் பண்ணி எட்டுப் பேர்னு சொல்லிடுங்க. கூட்டம் ஏறுறதுக்கு முன்னாடியே போய் உட்காருங்க. அந்த மூணு வகையையும் போன்லயே சொன்னா இன்னும் நல்லது, காய் நறுக்கி வெச்சிடுவாங்க.