பின்னாடி இழுத்துக் கட்டின ரூம் மட்டும் ஏன் இப்படி வேகுது?

செந்தூல்_மகன்:
எங்களோடது கோலாலம்பூர் செந்தூல்ல பழைய ஒத்த மாடி டெரஸ் வீடு, அப்பா 98ல பின்னாடி இழுத்து ஒரு ரூமும் கிச்சனும் கட்டுனாரு, அதுக்கு ஜிங்க் தகரக் கூரை, கீழ வெறும் பிளாஸ்டர் சீலிங். முன் ரூம்ல ஒரு எச்பி ஏர்கோன் போட்டா போர்வை வேணும், பின் ரூம்லயும் அதே ஒரு எச்பிதான் ஆனா ராத்திரி பத்து மணிக்கும் சுவரு சுடுது, அம்மா அங்கதான் படுக்கறாங்க. ஏர்கோன்காரர் ரெண்டு தடவ கேஸ் ஏத்திட்டு போனாரு, ஒரு மாசத்துல மறுபடி அதே கதை. ரெண்டு எச்பி மாத்திடலாமா?

கெப்போங்_ஏர்கோன்:
மாத்துங்க தம்பி. ஒரு எச்பின்னா குளிராக்கற சக்தி சுமார் 9,000 பிடியூதான், ஜிங்க்குக்கு கீழ அது எங்க பத்தும், ரெண்டு எச்பின்னா 18,000. வயசானவங்க வேர்வையில கிடக்கறப்ப கூரைய பிரிச்சு பாத்துட்டு இருக்க முடியுமா?

ஜெலுத்தோங்_அக்கா:
அண்ணே கோவிச்சுக்காதீங்க, நான் அதத்தான் செஞ்சேன். பத்து நிமிசத்துல ஜில்லுன்னு ஆகி நின்னுடும், ஈரம் போகாது, மெத்தையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும், அடுத்த நிமிசமே மேல இருந்து அனல் இறங்கும். தம்பி நீங்க மதியம் மூணு மணிக்கு நாற்காலி போட்டு ஏறி சீலிங்ல உள்ளங்கைய வச்சு பாருங்க, தோசைக்கல்லு கிட்ட கை கொண்டுபோன மாதிரி இருக்கும். நாங்க ஜிங்க்குக்கு கீழ அலுமினியம் ஃபாயில், சீலிங் மேல சூட்ட தடுக்கற ராக்வூல் பஞ்சு போட்டோம், இப்ப சின்ன மெஷினே போதுது. அப்புறம் கேஸ் என்ன பெட்ரோலா ஓட ஓட தீர்ந்து போக? கொறையுதுன்னா எங்கயோ லீக், அத அடைக்காம ஏத்துறது காச காத்துல விடுறதுதான்.

கெப்போங்_ஏர்கோன்:
கேஸ் விசயம் நூத்துக்கு நூறு சரி, பைப் ஜாயிண்ட்ல சோப்பு தண்ணி தடவுனா முட்டை விடும், அத பாக்காம ஏத்துனவன் செஞ்சது தப்பு. ஆனா நின்னு நின்னு ஓடுனது உங்களோடது இன்வெர்ட்டர் வகை ஏர்கோன் இல்லாததால அக்கா, அந்த வகை தானா வேகத்த கொறச்சு ஓடும். சீலிங் இறக்கி ராக்வூல் போட எல்லார் கையிலயும் காசு இருக்கா லா?

கிள்ளான்_ரோடு:
தம்பி, கம்ப்ரஸர் எங்க மாட்டியிருக்கு?

செந்தூல்_மகன்:
பின்னாடி துணி காயப்போடற எடத்துல அண்ணா. மழை வருதுன்னு அதுக்கு மேலயும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிட்டோம், சுத்தி சுவரு.

கிள்ளான்_ரோடு:
அதான் விசயம்! கம்ப்ரஸர் தள்ளுற சூடு வெளிய போக வழியில்லாம அதையே திருப்பி இழுக்குது, அந்த எடத்துல 18,000 மாட்டுனா இன்னும் அதிக சூடுதான் தள்ளும். அம்மா ரூம் ஜன்னலும் அந்த மூடுன எடத்த பாத்துதான் தொறக்குதா? மலேசியாவோட 1984 கட்டட விதியில, குடியிருக்கற ரூம்ல காத்து வர்ற தொறப்பு மட்டும் தரைப் பரப்புல 5 விழுக்காடாவது இருக்கணும்னு இருக்கு, நம்ம ஆளுங்க இழுத்துக் கட்டறப்ப முதல்ல அடைக்கறதே அதத்தான்.

செந்தூல்_மகன்:
ஆமாண்ணா அங்கதான் தொறக்குது. நேத்து ரெண்டு ஷீட்ட கழட்டுனேன், ராத்திரி 24ல வச்சு அம்மா ஃபேன் இல்லாம தூங்குனாங்க, ஆனா மேற்கு சுவரு இன்னும் சுடுது.

கெப்போங்_ஏர்கோன்:
சரி, லீக்க அடைங்க, கம்ப்ரஸர வெளிச் சுவத்துக்கு மாத்துங்க. அப்பவும் பத்தலன்னா ஒன்றரை எச்பி இன்வெர்ட்டர், நான் அதுல மாற மாட்டேன்.

ஜெலுத்தோங்_அக்கா:
அதுக்கு முன்னாடி அந்த காச கூரையில போடுங்க தம்பி, மேற்கு பக்கம் ஒரு நிழல் பந்தலும்.