ஒரே பத்தியில் இரண்டு ‘ஃபினிஷ்’: சொல் வேண்டும்

அன்பர்களே, ஸ்காட்லாந்து வடிசாலை ஒன்றின் சுவைக்குறிப்பை வெள்ளிக்குள் தமிழில் தர வேண்டும். பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் 12 ஆண்டு கிடந்த சிங்கிள் மால்ட் விஸ்கியைக் கடைசியாகச் சில மாதம் ஷெர்ரி என்ற ஸ்பெயின் திராட்சை மது இருந்த பீப்பாயில் வைக்கிறார்கள். அதுவும் ஃபினிஷ், விழுங்கிய பின் வாயில் நிற்கும் சுவையும் ஃபினிஷ். ‘முடிவு’ என்று போட்டால் இரங்கல் செய்தி மாதிரி இருக்கிறது.

* * *

இரண்டாவது ‘பின்சுவை’. முதலாவது ‘ஈற்றூறல்’. ஊறுகாய் தெரிந்தவர்களுக்கு ஊறலும் புரியும்.

* * *

ஊறல் என்றால் கல்வராயன் மலையில் போலீஸ் கொட்டி அழிப்பதுதான் நினைவுக்கு வரும். ஈறு என்றால் பல் டாக்டர்.

* * *

தேறு என்றால் தெளி. கலங்கல் நீங்கிய கள் தேறல். புறநானூறு 392இல் ஔவையார் ‘தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்’ என்கிறார். திருமுருகாற்றுப்படையில் தேறல் மூங்கிலுக்குள் விளைகிறது. மரத்தில் முதிர வைப்பது நமக்குப் புதிதா? ‘கடைத்தேறல்’ என்க. மேலும் ஷெர்ரி என்பதே ஸ்பெயினின் ஹெரெஸ் ஊர்ப்பெயரை ஆங்கிலேயர் சிதைத்தது. நாமும் கிரந்தம் நீக்கிச் ‘செர்ரி’ எனலாம். பீப்பாயும் வேண்டாம், மிடா இருக்கிறது.

* * *

> ‘கடைத்தேறல்’ என்க

புலவர் ஐயா, கடைத்தேறுவது மோட்சம். செர்ரி, கேக் மேல் வைக்கும் பழம். பீப்பாய் போர்த்துகீசியச் சொல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிடா மண்பானை. குறைந்தது 3 ஆண்டு, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் இருந்தால்தான் சட்டப்படி ஸ்காட்ச். மிடாவில் ஊற்றினால் பெயரே போய்விடும்.

* * *

யாராவது குடித்துப் பார்த்தீர்களா? நேற்று அப்படி ஒன்றில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு முகர்ந்தேன். முதலில் வெனிலா, தேன். அது பர்பன் பீப்பாய் கொடுத்தது. அப்புறம் உலர்திராட்சை, வால்நட், கொஞ்சம் கருகிய வெல்லப்பாகு, அது ஷெர்ரி. விழுங்கி வெகுநேரம் கழித்தும் நாக்கோரத்தில் கடுக்காய்த் துவர்ப்பு. இதைப் பின்சுவை எனலாம், சரி. மற்றது வெறும் வீடு மாற்றல். ‘பீப்பாய் மாற்றம்’ போதாதா?

* * *

போதாது அக்கா. கசியும் பீப்பாயையும் மாற்றுவார்கள். சுவைக்காக மாற்றியது தெரிய வேண்டும். ‘நிறைவு முதிர்வு’?

* * *

வெள்ளி மாலை ஆகிவிட்டது. ‘ஷெர்ரி பீப்பாயில் நிறைவு முதிர்வு’, ‘நீண்ட பின்சுவை’ என்று அனுப்பிவிட்டேன். மூன்று பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் பதிலே போடவில்லை.

* * *

தம்பி, முதிர்வு என்றால் வங்கி வைப்புநிதி. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும். ‘தேறல்’ பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.