இன்சுலின் ஏறியபின் ரொதேரா வளையம் இன்னும் கருக்கிறது, ஏன்?

கோத்தகிரி லேப்:
டைப் 1 சர்க்கரை உள்ள 19 வயதுப் பெண். எஸ்டேட் டிஸ்பென்சரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். வந்தபோது சுகர் 430, வாந்தி, பெருமூச்சு. சிறுநீரில் கீட்டோன் (கொழுப்பு கரையும்போது உருவாகும் பொருள்) பார்க்கும் ரொதேரா சோதனையில் வெளிர் ஊதா வளையம்தான் வந்தது. 8 மணி நேரம் இன்சுலின் டிரிப் ஓடியபின் சுகர் 210, பெண் தெளிவாகப் பேசுகிறாள். இப்போது போட்டால் பர்மாங்கனேட் நிறத்தில் நிற்கிறது! டியூட்டி டாக்டர் ரிப்போர்ட்டை நம்ப மாட்டேன் என்கிறார். சாம்பிள் மாறவில்லை. எங்கே கோளாறு?

உதகை பயோகெம்:
கோளாறு இல்லை சார். ரொதேராவில் போடும் நைட்ரோபுரஸைடு நிறம் கொடுப்பது அசிட்டோஅசிட்டேட்டுக்கு, ஓரளவு அசிட்டோனுக்கு. மூன்றாவது கீட்டோனான பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்டை (சுருக்கமாக பீட்டா) அது பார்ப்பதே இல்லை.

இன்சுலின் இல்லாதபோது கொழுப்புத் திசு கரைந்து கொழுப்பு அமிலங்கள் கல்லீரலில் வந்து குவியும். அவற்றை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் விடும் வாசல் சிபிடி-1 நொதி, அதைத் தடுப்பது மலோனைல் கோஏ. அங்கே மலோனைல் கோஏ குறைந்திருப்பதால் சிபிடி-1 நொதிக்குக் கடிவாளம் இல்லை. கார்னிட்டைனைப் பிடித்துக்கொண்டு எல்லாம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்விடும். 16 கார்பன் பால்மிட்டேட் ஒன்று 7 சுற்றில் 8 அசிட்டைல் கோஏ ஆகும். சுற்றுக்கு, ஹைட்ரஜனை ஏந்தும் என்ஏடிஎச் ஒன்று வேறு. அசிட்டைல் கோஏவை எரிக்கும் கிரெப்ஸ் சுழற்சி அத்தனையையும் தாங்காது, மிச்சம் கீட்டோனாகிறது. என்ஏடிஎச் தேங்கிக் கிடப்பதால் அசிட்டோஅசிட்டேட்டில் பெரும்பகுதி பீட்டாவாக மாறுகிறது. வழக்கமாக இரண்டும் ஏறக்குறைய 1:1, டி.கே.ஏ.வில் (சர்க்கரை நோயில் கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகும் நிலை, இந்தப் பெண்ணுக்கு வந்தது) பீட்டா 3 மடங்கு, ரத்த ஓட்டம் குறையும் ஷாக்கில் அதற்கும் மேல். முதல் வளையம் வெளிறியதற்குக் காரணம் அதுதான்.

இன்சுலினும் சலைனும் போனதும் பீட்டா திரும்ப அசிட்டோஅசிட்டேட் ஆகிறது. மொத்தக் கீட்டோன் இறங்கும், நிறம் ஏறும்.

குன்னூர் வார்டு:
எனக்குக் கவலை அந்த 210-தான். சுகர் இறங்கிவிட்டது என்று யாராவது டிரிப்பைக் கழற்றிவிடுவார்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள். இன்சுலின் ஓடுவது கீட்டோனை நிறுத்த. சுகர் 250-க்குக் கீழே வந்ததுமே 5% டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்து, கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட்டை 0.05 ஆக்கித் தொடர வேண்டும். கீட்டோன் அடங்க சுகரைவிட அதிக நேரம் பிடிக்கும். பொட்டாசியம் 3.5-க்குக் கீழ் என்றால் முதலில் அதை ஏற்ற வேண்டும், பிறகுதான் இன்சுலின். இல்லாவிட்டால் இருக்கிற பொட்டாசியமும் செல்லுக்குள் போய் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

முன்னேற்றத்தைச் சிறுநீரில் தேடாதீர்கள். விரல்நுனி ரத்தத்தில் பீட்டா பார்க்கும் மீட்டர் இருந்தால் மணிக்கு 0.5 மில்லிமோலாவது இறங்குகிறதா பாருங்கள், 0.6-க்குக் கீழ் வரும்வரை. மீட்டர் இல்லையா, ரத்தத்தில் அமிலம் எவ்வளவு என்று காட்டும் பைகார்பனேட்டும் ஆனயன் இடைவெளியும் போதும். டிரிப்பை எடுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே நீண்டநேர இன்சுலினைத் தோலடியில் போட்டுவிட வேண்டும்.

கேத்தி டெக்னீஷியன்:
முதல் வளையம் வெளிறியதற்கு ரியேஜென்ட்டும் காரணமாக இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள். 5 மி.லி. சிறுநீரில் அடியில் உப்பு கரையாமல் தங்கும்வரை அமோனியம் சல்ஃபேட், நைட்ரோபுரஸைடு சின்னப் படிகம் ஒன்று, நன்றாகக் குலுக்கியபின் லிக்கர் அமோனியாவை டியூபின் பக்கவாட்டில் வழியவிட வேண்டும். அமோனியா பாட்டிலை அடிக்கடி திறந்து மூடினால் வீரியம் போய்விடும். தண்ணீரில் ஒரு துளி அசிட்டோன் விட்டு கண்ட்ரோல் போட்டால் தெரிந்துவிடும். சிறுநீர் மணிக்கணக்கில் வெளியே கிடந்தாலும் கீட்டோன் குறையும். ஸ்ட்ரிப் பயன்படுத்துகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் டப்பாவைத் திறந்து வைக்கக் கூடாது. ஈரம் ஏறிய ஸ்ட்ரிப் நெகட்டிவ் காட்டும். ரத்த அழுத்த மருந்தான கேப்டோப்ரில் சாப்பிடுகிறவருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் வரும்.

கோத்தகிரி லேப்:
கண்ட்ரோல் போட்டேன், நல்ல நிறம் வருகிறது. ரிப்போர்ட்டில் எப்படி எழுதலாம்?

உதகை பயோகெம்:
"அசிட்டோஅசிட்டேட் பாசிட்டிவ். பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் இந்தச் சோதனையில் தெரியாது." பக்கத்தில் சாம்பிள் எடுத்த நேரம், டிரிப் தொடங்கி எத்தனை மணி நேரம் என்று குறித்துவிடுங்கள். நெகட்டிவ் வந்தாலும் இரண்டாவது வரியை விடாமல் எழுதுங்கள்.