ரிமோட் செஷனில் பிளேபேக் போட்டால் எதிரொலி. வழி சொல்லுங்கள்

வீட்டு ஸ்டுடியோவில் குரல் கொடுக்கிறேன். நாளை மறுநாள் ஒரு விளம்பரத்துக்கு கிளையன்ட் ஜூமில் இருந்தபடியே டைரக்ட் செய்கிறார். என் பக்கம் ரீப்பரில் (ஒலிப்பதிவு மென்பொருள்) 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவாகிவிடும். அதில் கவலை இல்லை.

தலைவலி பிளேபேக்கில்தான். "அந்த மூணாவது டேக்கைப் போடுங்க" என்றதும் ஆடியோ இன்டர்ஃபேஸில் லூப்பேக்கை (கணினியில் ஒலிப்பதைத் திரும்ப உள்ளீடாக அனுப்பும் வசதி) ஆன் செய்வேன். டேக் கேட்கும். கூடவே அவர் பேசுவதும் கொஞ்சம் தாமதித்து அவருக்கே திரும்பிப் போகும். போன முறை ஒருவர், பாவம், வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஜூமின் சத்தமும் அதே லூப்பேக்கில் கலப்பதுதான் காரணம். மிக்ஸ் மைனஸ் (அவர் குரலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அவருக்கு அனுப்புவது) வேண்டும் என்பது வரை புரிகிறது. ஆனால் என்னிடம் இருப்பது ஒரே லூப்பேக் சேனல்.

விண்டோஸில் வாய்ஸ்மீட்டர் (மென்பொருள் மிக்சர்) வைத்துச் சமாளிப்பவர்கள் ரீப்பரையும் ஜூமையும் எப்படிப் பிரித்து அனுப்புகிறீர்கள்? ஸ்கிரீன்ஷாட் இருந்தால் போடுங்கள். அப்புறம், ஒத்திகைக்கு யாராவது பத்து நிமிடம் கிளையன்டாக உட்கார முடியுமா?