தோழியின் கல்யாணத்துக்கு 280 கி.மீ. பனிக்காலப் பயணம்: காரின் முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து மூடிக்கொள்கிறது, உதவுங்கள்

கேட்டவர், புதன் இரவு

எல்லோருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 11 மணிக்கு என் நெருங்கிய தோழியின் கல்யாணம். நானும் என் கணவரும் காரில் போகிறோம். ஒரு வழிக்கு 280 கி.மீ., அதில் கடைசி 60 கி.மீ. மலைப்பாதை. அங்கே இரவில் மைனஸ் 8 டிகிரி வரை இறங்கும் என்கிறது வானிலை அறிக்கை. ஞாயிறு மாலைக்குள் வீடு திரும்ப வேண்டும்.

கார் 9 வருடப் பழைய பெட்ரோல் வண்டி. பயணத்துக்கு முன் சரிபார்க்கலாம் என்று நேற்று இரவு 40 கி.மீ. ஓட்டிப் பார்த்தோம். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை முன்கண்ணாடி உள்பக்கம் முழுக்க ஆவி படிந்துவிடுகிறது. துணியால் துடைத்தால் ஐந்து நிமிடம் தாங்கும், அவ்வளவுதான். இன்று காலை பார்த்தால் கண்ணாடியின் உள்பக்கமே உறைந்து வெள்ளையாக இருந்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகிறது. டயர் காற்று விளக்கும் எரிகிறது.

இன்னொன்று: வெள்ளி மாலையே கிளம்பலாமா, நன்றாகத் தூங்கிவிட்டு சனி விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பலாமா? என் அப்பா மருத்துவமனையில் இருந்த மூன்று வாரமும் தினமும் வந்து என்னோடு உட்கார்ந்திருந்தவள் இவள். அவள் கல்யாணத்துக்கு நான் போகாமல் இருக்க முடியாது.

பதில் 1

முதலில் எளிய விஷயம். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தான் அணைந்திருக்கிறதா பாருங்கள். அது எரிந்தால் இரண்டு பேரின் மூச்சு ஈரமும் வெளியே போக வழியில்லாமல் கண்ணாடியில் வந்து படியும். வெளிக்காற்று வரும்படி வைத்து, சூட்டை முழுதாகத் திருப்பி, காற்றை முன்கண்ணாடிக்கு அனுப்புங்கள். ஏ.சி.யையும் போடுங்கள். குளிர்காலத்தில் ஏ.சி. எதற்கு என்று தோன்றும், ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதுதான். கண்ணாடியின் உள்பக்கத்தையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள். அழுக்குப் படலம் இருந்தால் ஆவி சீக்கிரம் ஒட்டும்.

கேட்டவர்

நன்றி. இதெல்லாம் நேற்றே செய்தோம். ஏ.சி. விளக்கும் எரிந்தது. முதல் பத்து நிமிடம் தெளிவாகிறது, வண்டி உள்ளே சூடாகச் சூடாக மறுபடி மூடுகிறது. அதுதான் எங்களுக்குப் புரியவில்லை.

பதில் 2

சகோதரி, சூடாகச் சூடாக அதிகமாகிறது என்றால் வண்டிக்குள்ளேயே எங்கோ தண்ணீர் தேங்கியிருக்கிறது. சூட்டில் அது ஆவியாகி, குளிர்ந்த கண்ணாடியில் போய்ப் படிகிறது. காலையில் உள்பக்கம் உறைந்திருந்ததற்கும் அதுவே காரணம். கால்மிதியைத் தூக்கி, அடியிலுள்ள கார்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்திருந்தாலும் கீழே உள்ள பஞ்சு நிறையத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

கேட்டவர், வியாழன் காலை

அழுத்தியதும் விரலுக்கிடையில் தண்ணீர் வந்துவிட்டது! நான் உட்காரும் பக்கம்தான். அவர் ஓட்டும் பக்கம் காய்ந்திருக்கிறது. இது எங்கிருந்து வருகிறது?

பதில் 2

இரண்டு இடங்கள்தான் பெரும்பாலும். வெள்ளைக் காகிதத்தை அதில் அழுத்தி எடுத்துப் பாருங்கள். நிறம் ஏறி, வழவழப்பாக, இனிப்பு மாதிரி வாசனை வந்தால் ஹீட்டரில் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், கசிகிறது என்று அர்த்தம். கண்ணாடியிலும் பிசுபிசுப்பான படலம் இருக்கும், கூலண்ட் அளவும் குறைந்திருக்கும். அப்படியானால் அந்த வண்டியில் இந்தப் பயணம் போகவே வேண்டாம், வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். அளவைப் பார்க்கிறேன் என்று எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்துவிடாதீர்கள்.

வெறும் தண்ணீராக இருந்தால் பானெட்டைத் திறந்து, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். மழைநீரும் உருகும் பனியும் வடிய அங்கே துளைகள் உண்டு. இலையுதிர்காலத்துச் சருகு அதை அடைத்தால் தண்ணீர் நிரம்பி, வெளிக்காற்று உள்ளே வரும் வழியாகக் காருக்குள் இறங்கும். அந்தக் காற்றை வடிகட்டும் ஃபில்டரும் நனைந்திருக்கும்.

பதில் 3

ஆவி விஷயம் சரியான கையில் இருக்கிறது, மற்ற இரண்டுக்கு நான் சொல்கிறேன். டயர் விளக்கு எரிந்ததுமே பஞ்சர் என்று பயப்பட வேண்டாம். ஏறத்தாழ 5 அல்லது 6 டிகிரி குளிர்ந்தால் டயரின் காற்றழுத்தம் 1 பி.எஸ்.ஐ. (காற்று நிரப்பும் இடத்தில் மீட்டர் காட்டும் அளவு) குறையும். சில மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகு அளந்து, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். நான்கில் ஒன்று மட்டும் அதிகம் குறைந்திருந்தால்தான் பஞ்சரைத் தேட வேண்டும். டயர் பனிக்கால டயர்தானே? சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் நடுவில் பனித்துகளும் வரைந்திருக்கிறதா பாருங்கள்.

இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆவதுதான் எனக்குக் கவலை. இரவு முழுக்க நிறுத்திய பிறகு பேட்டரியை மீட்டரில் அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. மைனஸ் 8 டிகிரியில் அந்தப் பாதியும் முழுதாகக் கிடைக்காது. நல்ல உடையோடு ஞாயிறு காலை மலைமேல் நின்று உதவி தேடும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

கிளம்பும் நேரம்: விடியற்காலை 4 மணி வேண்டவே வேண்டாம். இரவின் கடைசி நேரமும் சூரியன் உதிக்கும் நேரமும்தான் சாலை மிகவும் குளிர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டி அப்போதுதான் அதிகம், அதுவும் பாலத்தின் மேலும் மரநிழல் விழும் வளைவிலும். தவிர, 11 மணிக்குப் போய்ச் சேர வேண்டுமே என்ற பதற்றத்தில் வேகம் கூடும். முடிந்தால் வெள்ளி மதியம் அரைநாள் விடுப்பு எடுத்து, வெளிச்சம் இருக்கும்போதே மலைப்பாதையை ஏறிவிடுங்கள்.

பதில் 4

நானும் சொல்ல ஒன்று உண்டு. கல்யாண உடையைப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். உடையும் செருப்பும் பெட்டியில் இருக்கட்டும், உடம்பில் கம்பளியும் நல்ல ஷூவும் இருக்கட்டும். கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூட்டைத் தாங்கும், பருத்தி அப்படியில்லை. வண்டிக்குள் போர்வை, டார்ச், சிறிய மண்வெட்டி, குடிநீர். பெட்ரோலைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

எங்காவது பனியில் மாட்டிக்கொண்டு, சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட நேர்ந்தால் முதலில் இறங்கிப் போய்ப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளிவிடுங்கள். அது அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். வாசனையே இருக்காது, தூங்கிக்கொண்டே உயிர் போய்விடும். இதை மட்டும் தயவுசெய்து இருவருமே மனதில் வையுங்கள்.

கேட்டவர், வியாழன் இரவு

காகிதத்தில் நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கூலண்ட் அளவு சரியாக இருக்கிறது. வைப்பர் பள்ளத்தில் இரண்டு கை நிறைய அழுகிய சருகு! அவர் அதை அள்ளிவிட்டு ஒரு குவளை தண்ணீர் ஊற்றினார், கடகடவென்று கீழே வடிந்தது. ஃபில்டர் நனைந்து கறுத்திருந்தது, புதிது போட்டோம். கார்பெட்டைத் தூக்கி, துண்டை வைத்து அழுத்தி அழுத்தி எடுத்தோம். இப்போது மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது.

பேட்டரி 12.1 காட்டியது. பணிமனையில் சோதித்துவிட்டு, இது இந்தக் குளிரைத் தாங்காது என்றார்கள். மாற்றியாயிற்று. டயர் பனிக்கால டயர்தான். நான்கிலும் ஒரே அளவு குறைந்திருந்தது, நிரப்பினோம். நாளை மதியம் 12 மணிக்குக் கிளம்புகிறோம், இருவருக்கும் அரைநாள் விடுப்பு கிடைத்துவிட்டது.

பதில் 2

நல்லது சகோதரி. பஞ்சு முழுதாகக் காய இன்னும் சில நாள் ஆகும். அதனால் முதல் அரைமணி நேரம் சூட்டோடு ஜன்னலையும் ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். அங்கே நிறுத்தும்போது சமதளமாகப் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு விடுங்கள். ஈரத்தோடு கைபிரேக்கை இழுத்தால் உறைந்து பிடித்துக்கொள்ளலாம். வைப்பரைத் தூக்கி வையுங்கள். காலையில் உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றவே கூடாது, விரிசல் விடும்.

கேட்டவர், ஞாயிறு இரவு

இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தோம். வெள்ளி மாலை வெளிச்சத்திலேயே மலை ஏறிவிட்டோம். கண்ணாடியில் ஓரங்களில் மட்டும் லேசாக ஆவி, துடைக்க ஒருமுறைகூட வண்டியை நிறுத்தவில்லை. இன்று காலை மைனஸ் 9 டிகிரி, முதல் திருப்பலிலேயே எஞ்சின் பிடித்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு விருந்தாளியின் வண்டி கிளம்பவில்லை. எங்கள் வண்டியிலிருந்து கேபிள் போட்டு அதையும் கிளப்பிவிட்டோம்.

சனி காலை 9 மணிக்கே அவள் அறைக்குப் போய்விட்டேன். கதவைத் திறந்ததும், "வந்துட்டியா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நேரமாகிறது என்று கூப்பிட வரும்வரை விடவில்லை. உங்கள் நால்வருக்கும் மனமார்ந்த நன்றி.