புல் பார், கிரில் கார்டு: 'முகப்புக் காப்பு' எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க மின்சார பிக்கப் வண்டி ஒன்றுக்கு முன்பக்க இரும்புக் குழாய்க் காப்பைப் பொருத்துவதற்கான கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பொருளின் பெயரிலேயே மூன்று நாளாக நிற்கிறேன். நம் ஒர்க்‌ஷாப்புகளில் 'பம்பர் கார்டு', 'கிராஷ் கார்டு' என்பார்கள். ஆஸ்திரேலியாவில் கங்காரு குறுக்கே பாயும் என்பதால் 'ரூ பார்'. 'புல் பார்' என்றும் சொல்வார்கள். அமெரிக்காவில் 'கிரில் கார்டு'.

'காளைக் கம்பி' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் படிப்பவருக்கு வாடிவாசல்தான் நினைவுக்கு வரும். கிரில்லை, அதாவது எஞ்சினுக்குக் காற்று புகும் முன்பக்கச் சல்லடையை, வைத்துப் பெயரிடுவதும் சரிப்படாது. ரிவியன் ஆர்1டி என்ற மின்சார பிக்கப்பின் முகத்தில் வழக்கமான கிரில்லே கிடையாது. இன்னொரு மின்சார பிக்கப்பான ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கில் கிரில் போன்ற பலகை உண்டு. ஆனால் எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் 400 லிட்டர் கொள்ளும் முன் டிக்கி இருக்கிறது. அதன் மூடி, அந்தப் பலகையையும் சேர்த்துக்கொண்டு பம்பர்வரை மேலே எழும். முழு உயரக் காப்பை அசையாமல் பூட்டிவிட்டால் டிக்கி திறக்காது! பெட்ரோல், டீசல் வண்டிக்கு எழுதிய குறிப்பை இதற்கு அப்படியே எடுத்தாள முடியாததற்கு முக்கியக் காரணம் இதுதான். அதனால் முழுக் காப்பு, தாழ்ந்த காப்பு இரண்டையும் பிரித்துச் சொல்ல இடம் தரும் பெயர் வேண்டும்.

இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம். 'முகக்கவசம்' நல்ல சொல்தான், ஆனால் 2020க்குப் பிறகு அது மாஸ்க்குக்கே உரியதாகிவிட்டது. 'சட்டம்' ஃபிரேமையும் குறிக்கும் என்றாலும், 'காப்புச் சட்டம்' என்றால் பாதுகாப்புக்காக இயற்றிய சட்டம் என்று படிப்பார்கள். இந்தியாவில் இந்தக் கம்பிகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அதையும் கையேட்டில் குறிப்பிடப்போகிறேன். ஒரே பத்தியில் இரண்டு 'சட்டம்' வந்தால் குழப்பம்தான். 'முன்காப்பு' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் யாராவது புணர்ச்சி விதி பார்த்து 'முற்காப்பு' என்று திருத்திவிட்டால் போச்சு. இலங்கைத் தமிழில் அது முன்னெச்சரிக்கையைக் குறிக்கும் சொல்.

என் முன்மொழிவு 'முகப்புக் காப்பு'. ஹெட்லைட்டை 'முகப்பு விளக்கு' என்று செய்தித்தாள்கள் எழுதி நமக்குப் பழகிவிட்டது. அதன் பக்கத்திலேயே இருக்கும் பொருளுக்கு அதே முகப்பு பொருந்தும். காப்பு என்பது காவல். கையில் போடும் காப்பும் அதுதான். வளைத்த குழாயைப் பார்க்கும்போது அந்த இரண்டாம் பொருளும் அழகாக ஒட்டிக்கொள்கிறது. பம்பர் உயரத்தோடு நிற்பதை 'அரைக்காப்பு' எனலாம். அரை பாதியையும் குறிக்கும், இடுப்பையும் குறிக்கும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "முகப்புக் காப்பைப் பூட்டும் முன், அது ரேடார் உணரியையும் கேமராவையும் மறைக்கிறதா என்று பாருங்கள். முன் டிக்கியை முழுதாகத் திறக்க வேண்டுமானால் அரைக்காப்பையே தேர்ந்தெடுங்கள்." வாயில் தடங்கல் இல்லாமல் வருகிறது.

அப்புறம், சேஸியில் காப்பைப் பிடித்து நிற்கும் பிராக்கெட்டுக்குத் 'தாங்கி' என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. பாடநூல்களில் அது பேரிங்கைக் குறிக்கிறது. 'பிடிதகடு' என்றால் மெக்கானிக்குகளுக்குப் புரியுமா? பட்டறையில் பழகியவர்கள் சொல்லுங்கள்.