லூயிஸ் ஏன் பெயர் போடவில்லை?

வைகைக்கரை:
"எழுத்தாளர்கள் சக எழுத்தாளர்களின் நாவலைப் பரிந்துரைப்பதெல்லாம் பரஸ்பர முதுகு சொறிதல். டோல்கீனுக்கு சி.எஸ். லூயிஸ் செய்ததும் அதுதான்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இருவரும் ஆங்கில எழுத்தாளர்கள், நண்பர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் வியாழக்கிழமை இரவுகளில் லூயிஸின் அறையில் நண்பர்கள் கூடுவார்கள். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை எழுத எழுத டோல்கீன் அங்கே கொண்டுவந்து வாசித்தார். லூயிஸின் ஊக்கம் இல்லாவிட்டால் அதை முடித்திருக்கவே மாட்டேன் என்று டோல்கீனே பின்னாளில் எழுதினார். வரி வரியாகக் கூட இருந்து கேட்டவர் பரிந்துரைக்காமல் வேறு யார் பரிந்துரைப்பது?

எட்டாம்கோள்:
அந்த "ஒருவர்" நான்தான். 1937 செப்டம்பர் 21இல் டோல்கீனின் 'ஹாபிட்' நாவல் வெளிவந்தது. அக்டோபர் 2இல் டைம்ஸ் இலக்கிய இதழில் அதைப் புகழ்ந்து மதிப்புரை வந்தது. எழுதியவர் லூயிஸ். பெயர் இல்லை. நண்பனை நண்பன் புகழ்கிறான் என்பது காசு கொடுத்து இதழ் வாங்கியவனுக்குத் தெரியாது. இதற்குப் பதில் சொல்லுங்கள், வியாழக்கிழமைக் கதை வேண்டாம்.

வைகைக்கரை:
அந்த இதழில் அப்போது யார் எழுதினாலும் பெயர் வராது. அது அவர்கள் வழக்கம். 1954இல் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகம் வந்தபோது அட்டையிலேயே லூயிஸின் வாசகம் பெயரோடு இருந்தது. என் ஆதரவால் உனக்கு நன்மை அளவுக்குக் கெடுதலும் வரலாம் என்று அவர் முன்பே எச்சரித்திருந்தார். அப்படித்தான் ஆனது. சில விமர்சகர்கள் நாவலை விட்டுவிட்டு லூயிஸின் புகழுரையைப் பிடித்துக்கொண்டு கேலி செய்தார்கள். நண்பருக்காக அடி வாங்கியவர் ஐயா அவர்.

எட்டாம்கோள்:
1954 எனக்கு வேண்டாம். 1937. பெயர் இல்லை.

கூகை:
பரிந்துரை வேறு, மதிப்புரை வேறு, பின்னட்டை வாசகம் வேறு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமே?

எட்டாம்கோள்:
எதுவாக இருந்தாலும் பெயர் வேண்டும். அப்புறம், கைம்மாறும் நடந்திருக்கிறது. 1938இல் லூயிஸின் விண்வெளி நாவலான 'அவுட் ஆஃப் தி சைலண்ட் பிளானட்'டுக்காக டோல்கீன் தன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினுக்குக் கடிதம் எழுதினார். இவர் அவருக்கு, அவர் இவருக்கு. வேறு எதை முதுகு சொறிதல் என்பீர்கள்?

வைகைக்கரை:
பாதியை மறைக்கிறீர்கள். லூயிஸின் நார்னியா கதைகள் டோல்கீனுக்குப் பிடிக்கவே இல்லை. நண்பர் என்பதற்காகப் புகழவும் இல்லை. ஆனாலும் 1961 நோபல் பரிசுக்கு லூயிஸ் டோல்கீனைத்தான் முன்மொழிந்தார். அப்போது இருவருக்கும் பழைய நெருக்கம்கூடக் கிடையாது.

எட்டாம்கோள்:
நோபல் முன்மொழிவுகளை ஐம்பது ஆண்டுகள் பூட்டி வைப்பார்கள். அங்கேயும் ஊருக்குப் பெயர் தெரியாது! அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கைப் பாருங்கள். 1972இல் ஒரு புத்தகத்தை சக எழுத்தாளர் ஐசக் அசிமோவுக்குச் சமர்ப்பித்தார். இரண்டாவது சிறந்த அறிவியல் எழுத்தாளன், இரண்டாவது சிறந்த அறிவியல் புனைகதை எழுத்தாளருக்குத் தருவது என்று, தங்களுக்குள் இருந்த ஒப்பந்தத்தையும் சொல்லி அச்சிலேயே போட்டார். வெளிப்படையாக இருப்பது அதுதான்.

திண்ணைவாசகி:
22 வருடம் தமிழ் நடத்தியவள் என்பதால் சொல்கிறேன். பாயிரம், அதாவது நூலின் முன்னுரை, சொல்ல யாருக்கெல்லாம் தகுதி என்று நன்னூல் வரிசை போட்டிருக்கிறது. ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரைகாரர். 'தன்னொடு கற்றோன்' என்றே அதில் வருகிறது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு படித்தவர். தன்னைத்தானே புகழ்வதுதான் தகாது. நண்பர் தாராளமாகப் புகழலாம்.

எட்டாம்கோள்:
அம்மா, நீங்களே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். பனம்பாரனார் பெயர் இன்றுவரை நிற்கிறது. லூயிஸ் பெயர் 1937இல் எங்கே?

திண்ணைவாசகி:
அந்தப் பாயிரத்தின் வரிகளுக்குள் பனம்பாரனார் பெயர் கிடையாது. உரையாசிரியர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரியும். படித்துவிட்டு வாருங்கள். இப்போது பனம்பாரனாரையும் ஏமாற்றுக்காரர் என்பீர்களா?

கூகை:
உடன் படித்தவர் என்பதும் உரையாசிரியர்கள் சொன்னதுதானே?

திண்ணைவாசகி:
கூகை, நான் உங்களிடம் கேட்கவில்லை.

எட்டாம்கோள்:
நான் ஏன் இதை விடமாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். போன புத்தகக் கண்காட்சியின்போது வைகைக்கரை ஒரு காலப்பயண நாவலைப் பரிந்துரைத்தார். அவரும் எழுத்தாளர், விஷயம் தெரிந்தவர் என்று நம்பி 450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 60ஆம் பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை. எழுதியவர் வைகைக்கரையின் பழைய அறைத்தோழர் என்று மூன்று மாதம் கழித்துத் தெரிகிறது. அன்றைக்கு அதை ஒரு வரி எழுதியிருந்தால் என் பணம் என்னிடம் இருந்திருக்கும்.

வைகைக்கரை:
ஓ, இதுதான் சங்கதியா? இதற்கு லூயிஸை ஏன் இழுத்தீர்கள்? அது நல்ல நாவல். இன்றைக்கும் சொல்வேன். காலம் பின்னோக்கி ஓடும் பகுதி 60ஆம் பக்கத்துக்குப் பிறகுதான் வருகிறது, நீங்கள் அதைத் தொடவே இல்லை. மேலும் நான் என் பெயரில்தானே எழுதினேன்? பெயர்தானே கேட்டீர்கள்?

எட்டாம்கோள்:
பெயர் இருந்தது. உறவு இல்லை.

வைகைக்கரை:
காலையிலிருந்து பெயர் பெயர் என்றீர்கள், இப்போது உறவு என்கிறீர்கள்!

திண்ணைவாசகி:
பனம்பாரனார் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

எட்டாம்கோள்:
சரி, உங்கள் நாவலை விடுங்கள். 1937க்கே வருகிறேன். பெயர் இல்லை.